இருப்பு: காணவில்லை

சாவி நெஸ்டாவின் வீட்டில்
முட்டைக் கூடைக்குள் கிடந்தது.
"கதவு ஈரத்தில் ஊதியிருக்கும், தோளால் இடி" என்றாள்.
இடித்தேன்.
முதலில் ஒரு செம்மறி வெளியே வந்தது,
அப்புறம்தான் இருட்டு.

வேல்ஸ் மலைகளில் கைவிட்ட தேவாலயங்களில்
மிச்சமிருப்பதை எண்ணி எழுதுவது என் பிழைப்பு.
இருக்கை பதினொன்று, இரண்டுக்குக் கால் இல்லை.
மணி இல்லை, மணிக்கயிறு உண்டு.
வௌவாலுக்குப் படிவத்தில் இடமில்லை.

ஞானஸ்நானத் தொட்டி என்ற கட்டத்தில்
பேனா நின்றது.
மேற்குச் சுவரோரம் எட்டுப் பட்டைத் தண்டு மட்டும்,
பூவைக் கொய்துபோன காம்பு.
அதன் தலையில் ஒரு ஜாம் புட்டி,
புட்டிக்குள் காய்ந்த டாஃபடில்.

கிண்ணம் எழுநூறு வருஷத்துக் கல்லாம்.
ஆடுகள் அதில் தண்ணீர் குடிக்கின்றன என்றார் தபால்காரர்,
எந்தப் பண்ணை என்று சொல்லவில்லை.
லிவர்பூல் வியாபாரி லாரியில் ஏற்றியதைத்
தன் மாமா பார்த்ததாக மதுக்கடையில் ஒருவன்.
நெஸ்டாவிடம் கதை இல்லை.
"தேநீர் ஆறுது" என்றாள்.

காப்பகத்தில் பதிவேடு.
1887, பிப்ரவரி. பாதிரியாரின் சாய்ந்த கையெழுத்து:
மெரெரிட், கல்லுடைக்கும் இத்தெலின் மனைவி.
பெண் குழந்தை. கணவாயில் பனி.
நான் போய்ச் சேர்ந்தபோது மூச்சில்லை.
முழுக்குப் பெறாததால் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை.
பெயர் எழுத வேண்டிய இடத்தில்
ஒரு கோடு, ஒற்றாத மையில்.

பக்கத்தைத் திருப்பினால், பதினாறு நாள் கழித்து,
வேறொரு கை:
தொட்டியின் கிண்ணம் களவு போயிற்று.
சாப்பலுக்குப் போகிறவர்கள் மேல் சந்தேகம்.

முன்பக்கம், பின்பக்கம். ஒரே தாள்.
இத்தனை வருஷத்தில் ஒருவரும் அதை
வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடிக்கவில்லை.

திரும்பி வந்தேன்.
மதிலுக்கு வெளியே, வடக்கே, பெரணிக் காடு.
காஞ்சொறி முழங்கை வரை தின்றது.
வாயிற்கம்பத்தின் அடிக்கல் என்று
யாரும் தாண்டிப்போகக்கூடிய சாம்பல் மேடு,
ஆடுகள் முதுகு தேய்த்த கம்பளி இழைகளோடு.

விளிம்புக்கடியில் விரலை விட்டேன்.
துருவேறிய இரும்பு முளை.
சூனியக்காரிகள் திருடுவார்கள் என்று
தண்ணீருக்குப் பூட்டுப் போட்ட காலத்தின் முளை.
மூன்று ஆள் கனம்.
இத்தெல் தனியாக உருட்டினானா?
அவளும் கைகொடுத்தாளா,
பெற்றுப் பதினாறே நாளான உடம்போடு?
பனிச்சேற்றில் எத்தனை முறை நின்றிருப்பார்கள்?
எனக்குத் தெரியாது.

தெரிவது இதுதான்:
குஞ்சின்மேல் பஞ்சாரம் கவிழ்ப்பதுபோல்
கவிழ்த்திருக்கிறார்கள்.
பழைய நீர் வடியக் குடைந்த துளை
இப்போது வானம் பார்க்கிறது.

தூறல் தொடங்கியது.
இந்த ஊரில் தொடங்கியது என்பதே தப்பு,
நின்றால்தானே.
கல்லின் முதுகில் கூடி, பாசியில் தயங்கி,
துளைக்குள் இறங்கியது.
குனிந்து காது வைத்தேன்.
வெகுநேரம் ஒன்றுமில்லை.
பிறகு உள்ளே, கீழே, ஒரு சொட்டு.

நூற்று முப்பது சொச்சம் வருஷம்.
எந்த ஆயரும் ஒரு குழந்தைக்கு
இவ்வளவு நீர் வார்த்ததில்லை.
பெயர் மட்டும் யாரும் சொல்லவில்லை,
மழைக்கும் தெரியாது.

காரில் உட்கார்ந்து படிவத்தை முடித்தேன்.
தண்டு: ஒன்று, நல்ல நிலையில்.
கிண்ணம்: காணவில்லை.

சாவியைக் கொடுத்தபோது நெஸ்டா
என் கையில் தடித்த தடிப்பைப் பார்த்தாள்,
அது எங்கே முளைக்கிற செடி என்று அறிந்தவள்போல்.
எதுவும் கேட்காமல் உள்ளே போய்
ஒரு ஜாம் புட்டியில் வினிகர் கொண்டுவந்தாள்.
வாய்க்கட்டில் அதே நீல நூல்.